அரசு ஊழியர் ஓய்வூதிய நிதி (தமிழ்நாடு)

ஓய்வு பெற்ற அரசு ஊழியர், ஆசிரியர், போக்குவரத்துக் கழகத் தொழிலாளர் ஆகியோருக்குத் தமிழ்நாடு தரவேண்டிய தொகைக்கும், அதற்கென்று எடுத்துவைத்த தொகைக்கும் இடையிலுள்ள பள்ளத்தின் வரலாறு இது. ஒரே மாநிலத்தில் மூன்று ஏற்பாடுகள் அடுத்தடுத்து வந்தன: நிதியே இல்லாத பழைய ஓய்வூதியம், நிதியம் இருந்தும் வறண்டுபோன போக்குவரத்து ஓய்வூதியம், பணம் சேர்ந்தும் மாதாந்திர ஓய்வூதியம் தராத பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் (சிபிஎஸ்). மாவட்டத் தலைநகரங்களில் மூன்று வகையினரும் ஒரே வளாகத்துக்குத்தான் மனுவோடு வருகிறார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் அந்த வளாகம் வேங்கிக்காலில், வேலூர் சாலையில் உள்ள ஆட்சியர் அலுவலகம். கருவூலத்து வேலைக்கும் அங்கேதான், ஓய்வூதியர் குறைதீர் நாளுக்கும் அங்கேதான், ‘சிபிஎஸ் ஒழிப்பு’ ஆர்ப்பாட்டத்துக்கும் அதன் வாசல்தான்.

பழைய ஓய்வூதியத்தின் வேர் 1871-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம் வரை போகிறது. இன்று நடைமுறையிலுள்ள வடிவம் 1978-இன் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் தந்தது. முப்பது ஆண்டு தகுதியுள்ள பணிக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி, அதன்மேல் அகவிலைப்படி, இறந்தபின் குடும்ப ஓய்வூதியம். ஊழியர் இதற்குத் தன் பங்காக எதுவும் கட்டவில்லை; அரசும் எதையும் சேமித்துவைக்கவில்லை. இந்த ஆண்டு வசூலான வரியிலிருந்து இந்த ஆண்டு ஓய்வூதியம் கொடுக்கப்பட்டது. மேல்நாடுகளில் ஓய்வூதிய நிதியத்தில் தேவையில் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்று கணக்குப் பார்ப்பார்கள். இங்கே அந்தக் கணக்குக்கே இடமில்லை, ஏனென்றால் நிதியம் என்று ஒன்று கிடையாது. 1982 டிசம்பர் 17 அன்று நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் அரசு மனமிரங்கித் தரும் கொடை அல்ல, உழைத்தவரின் உரிமை என்று தீர்ப்பளித்தது. ஓய்வூதியர் சங்கங்கள் இன்றும் அந்த நாளைக் கொண்டாடுகின்றன. உரிமை உறுதியானது, அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்பது தீர்ப்பின் கேள்வி அல்ல.

சம்பளம் ஏறி, ஆயுளும் நீண்டபோது சுமை வெளியே தெரிந்தது. 2003 ஜூலையில் ஓய்வுக்காலப் பயன்கள் உள்ளிட்ட சலுகைகள் வெட்டப்பட்டதை எதிர்த்து அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஜெயலலிதா அரசு டெஸ்மா எனப்படும் தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தைக் காட்டி ஏறத்தாழ 1.7 லட்சம் பேரைப் பணிநீக்கம் செய்தது. ஆகஸ்ட் 6 அன்று, அந்தப் பணிநீக்கத்தை எதிர்த்த ரங்கராஜன் வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றது உச்ச நீதிமன்றம். பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்கான அரசாணை எண் 259-உம் அதே தேதியைத்தான் தாங்கியிருக்கிறது. அது முன்தேதியிட்டு 1.4.2003 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்கு நடைமுறையானது. மத்திய அரசின் புதிய திட்டம் இதற்குப் பிறகு, 2004 ஜனவரியில்தான் வந்தது.

ஒரே பள்ளியில் 2003 மார்ச்சில் சேர்ந்த ஆசிரியருக்கு ஆயுள் முழுக்க ஓய்வூதியம்; ஏப்ரலில் சேர்ந்தவருக்குச் சிபிஎஸ் எண். அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டும் சேர்ந்த தொகையில் 10 விழுக்காடு பிடித்தம், அதே அளவு அரசின் பங்கு. பெரும்பாலான மாநிலங்கள் இந்தப் பணத்தை ஓய்வூதிய நிதி ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ் கொண்டுபோனபோது, தமிழ்நாடு தன் கையிலேயே வைத்துக்கொண்டது. பின்னாளில் எல்.ஐ.சி. நிதியிலும் மத்திய அரசின் கருவூல உண்டியல்களிலும் போட்டது. ஊழியரின் கணக்கில் வைப்புநிதிக்கு இணையான வட்டி ஏறியது. ஆனால் ஓய்வு பெறும்போது மாதாமாதம் என்ன கிடைக்கும் என்ற விதி மட்டும் எழுதப்படவில்லை. பல ஆண்டுகள், ஓய்வு பெற்றவருக்கும் பணியில் இறந்தவர் குடும்பத்துக்கும் சேர்ந்த தொகையைத் திருப்பிக் கொடுக்கவே வழி தெரியாமல் கோப்புகள் தேங்கின. 2016 பிப்ரவரியில்தான் அதற்கு நடைமுறை வகுக்கப்பட்டது. பெயரில் ஓய்வூதியம், கையில் மொத்தமாக ஒரு தொகை. சேமிப்புத் திட்டம் என்று அதை அழைத்திருந்தால் நேர்மையாக இருந்திருக்கும்.

இந்தக் கணக்கின் இயல்பு புரிய ஆண்டுக் கணக்குத் தாள் ஒன்றைப் பார்த்தால் போதும். ஊழியர் ஒரு ஒன்றியத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுதலான மாதங்களில் கட்டங்கள் காலியாக இருக்கும். சம்பளத்தில் பிடித்தம் நடந்திருக்கும், கணக்கில் வந்திருக்காது. இதற்கு அலுவலகங்களில் ‘மிஸ்ஸிங் கிரெடிட்’ என்று பெயர். அந்த மாதத்துச் சம்பளப் பட்டியலின் டோக்கன் எண்ணையும் வவுச்சர் தேதியையும் தேடியெடுத்து, பணம் பெற்று வழங்கும் அலுவலரிடம் சான்று வாங்கி அனுப்பினால்தான் காலிக் கட்டம் நிரம்பும். பத்தாண்டுக்கு முந்தைய பட்டியலைப் பழைய அலுவலகத்தில் தேடுவது எத்தகைய வேலை என்பது அதைச் செய்தவருக்குத் தெரியும்.

போக்குவரத்துக் கழகங்களின் கதை இன்னும் கறாரான பாடம், ஏனென்றால் அங்கே நிதியம் இருந்தது. 1998 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தின்படி, தொழிலாளரின் வருங்கால வைப்புநிதிக்கு நிர்வாகம் செலுத்தவேண்டிய பங்கிலிருந்து ஓய்வூதிய அறக்கட்டளைக்குப் பணம் போனது. பணியில் இருப்போர் பலர், ஓய்வு பெற்றோர் சிலர் என்ற நிலைவரை அது ஓடியது. 2003-க்குப் பின் சேர்ந்த ஓட்டுநரும் நடத்துநரும் சிபிஎஸ்-இல் போனதால் அறக்கட்டளைக்குப் புது வரவு நின்றது. செலவு மட்டும் ஆண்டுதோறும் ஏறியது. இத்தோடு நில்லாமல், நட்டத்தில் ஓடிய கழகங்கள் தொழிலாளர் சம்பளத்தில் பிடித்த வைப்புநிதி, காப்பீட்டுத் தவணை, கூட்டுறவுச் சங்கக் கடன் ஆகியவற்றையும் உரிய இடத்தில் கட்டாமல் டீசலுக்கும் அன்றாடச் செலவுக்கும் திருப்பின. 2018 ஜனவரி வேலைநிறுத்தத்தின்போது சங்கங்கள் சொன்ன நிலுவைத் தொகை 7,000 கோடி ரூபாய். ஓய்வு பெற்றவர்கள் பணிக்கொடைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். அவர்களுடைய அகவிலைப்படி 2015-ஓடு உறைந்தது. 2024 ஜனவரி வேலைநிறுத்தத்தின் முக்கியக் கோரிக்கையும் அதுதான்.

பேருந்துப் பயணக் கட்டணத்தை ஆண்டுக்கணக்கில் உயர்த்தாமல் வைத்திருந்தது அரசின் கொள்கை. அதன் விலையைக் கொடுத்தவர்களில் ஓய்வு பெற்ற நடத்துநரும் ஒருவர். இதை மக்கள்நலச் செலவு என்று நிதிநிலை அறிக்கை அப்போதே முழுதாக ஏற்றிருந்தால் அறக்கட்டளை இந்த அளவு வறண்டிருக்காது.

அரசு இடையிடையே காலம் வாங்கியது. 2020 மே மாதம் ஓய்வு வயது 58-லிருந்து 59 ஆனது, மறு ஆண்டு 60 ஆனது. பணிக்கொடையும் விடுப்புச் சம்பளமும் அந்த அளவுக்குத் தள்ளிப்போயின, கடன் குறையவில்லை. சிபிஎஸ் பற்றி ஆராய 2016-இல் அமைந்த வல்லுநர் குழு 2018-இல்தான் அறிக்கை தந்தது. 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தம் ஒன்பது நாள் நடந்தது. 2021 தேர்தல் அறிக்கையில் பழைய ஓய்வூதியத்தைத் திரும்பக் கொண்டுவருவதாக தி.மு.க. வாக்குறுதி அளித்தது; ஆட்சிக்கு வந்த சில மாதங்களில் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்றது. அந்த வாக்குறுதி அந்த எண்ணின் முன் நான்காண்டு காத்துக் கிடந்தது.

வெளியுலகம் இரு திசையிலும் எச்சரித்தது. அமெரிக்காவின் டெட்ராயிட் நகரம் 2013 ஜூலையில் திவால் மனு கொடுத்தபின், நகராட்சி ஓய்வூதியரின் மாதத் தொகையே 4.5 விழுக்காடு குறைந்தது. இங்கோ ராஜஸ்தான் 2022-லும் இமாசலப் பிரதேசம் 2023-லும் பழைய திட்டத்துக்கே திரும்பின. மத்திய அரசு இடைவழியாக, 2025 ஏப்ரல் முதல் பாதிச் சம்பளத்துக்கு உறுதி தரும் ஒருங்கிணைந்த திட்டத்தைத் தன் ஊழியருக்குக் கொண்டுவந்தது.

2025-இல் ககன்தீப் சிங் பேடி தலைமையிலான குழுவை அமைத்த தமிழ்நாடு, 2026 ஜனவரி 3 அன்று உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தது. ஊழியர் 10 விழுக்காடு கட்டுவார். கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அகவிலைப்படி, குடும்பத்துக்கு 60 விழுக்காடு. தொடக்கத்தில் 13,000 கோடி ரூபாயும் ஆண்டுதோறும் சுமார் 11,000 கோடியும் அரசு போடவேண்டும் என்று கணக்கிடப்பட்டது. பற்றாக்குறைக்கு எண் ஒன்றை அரசே வாய்விட்டுச் சொன்னது இதன் முதல் நன்மை. முதல் தவணையைக் கட்டுவது எளிது; பேருந்துக் கழக அறக்கட்டளையும் ஆரம்ப ஆண்டுகளில் தவறவில்லை. வருவாய் குறைந்த ஓர் ஆண்டில் அந்த 11,000 கோடி ஓய்வூதிய நிதியத்துக்குப் போகிறதா, வேறு தலைப்புக்குத் திரும்புகிறதா என்பதைப் பொறுத்தே இந்த நான்காவது ஏற்பாடு முந்தைய மூன்றிலிருந்து வேறுபடும்.