முன்னேர் போன வழி

கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகத்துக்கு இறங்கும் வீதிகளில் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிய லொறிகள் வரிசையாக நின்ற காலத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒட்டுப்பலகையில் உலோகப் பட்டி அறைந்த அப்பெட்டிகளின் இடத்தைப் பின்னர் கடதாசிச் சாக்குகளும் அட்டைப்பெட்டிகளும் பிடித்துக்கொண்டன.

அட்டைப்பெட்டியின் வரலாறே பின்தொடர்ந்தவர்களின் வரலாறுதான். 1856இல் இங்கிலாந்தில் நெளிவுக் கடதாசிக்கு உரிமம் பெற்றவர்கள் அதைத் தொப்பிக்கு உள்விரிப்பாகவே எண்ணினார்கள். 1871இல் அமெரிக்கரான அல்பேட் ஜோன்ஸ் அதைக் கொண்டு போத்தல்களைச் சுற்றினார். 1874இல் ஒலிவர் லோங் அந்த நெளிவின்மீது ஒரு தட்டைத் தாளை ஒட்டி உறுதியாக்கினார். பெட்டியாக மடிக்கத்தக்க அட்டைக்கு வழி திறந்தது அந்த ஒரு தாளே. முதல்வர் ஆகாமலே பயன் பெறலாம் என்பதைத் தியோடோர் லெவிட் என்ற பேராசிரியர் 1966இல் கட்டுரையாகவே எழுதினார். 'முன்னேர் போன வழியே பின்னேர்' என்று நம் உழவர் அதை எப்போதோ சொல்லிவிட்டனர்.

1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 1978இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் பிறந்தது. ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் பெட்டிகள் வேண்டியிருந்தன. நெளிவட்டை செய்யும் பெரும் பொறியை வாங்குவதற்குக் கோடிக்கணக்கில் முதல் வேண்டும். நடுத்தர உற்பத்தியாளனுக்கு உகந்த வழி வேறு: பெரிய ஆலையிடம் அட்டையைத் தாளாக வாங்கி, வெட்டி, அச்சிட்டு, ஒட்டிக் கொடுப்பது. ஆயிரம் பெட்டிகளுக்குக் குறைந்த கட்டளையைப் பெரியவர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. வெள்ளவத்தைப் புடைவைக் கடைக்காரருக்கு வேண்டியதோ இருநூறு பெட்டிகள், அதுவும் கல்யாணத்துக்கு முதல் வாரம். லோங் ஒட்டிய தாளைப் போல, இவன் சேர்ப்பது அந்த விரைவைத்தான். ஆனால் அட்டை விற்பவரே போட்டியாளராகவும் இருப்பதால், அவர் விலையை உயர்த்தும் நாளில் இவன் கை கட்டப்படுகிறது.

1983 ஜூலையில் வெள்ளவத்தைக் கடைகளும் கொழும்பின் பல பகுதிகளிலிருந்த தமிழர் தொழிற்சாலைகளும் எரிந்தன. பொறிகளில் முதலைப் புதைக்கத் தயங்குவதைக் கோழைத்தனம் என்று அதன் பின் எவரும் சொல்லத் துணியமாட்டார்.

ஆயினும் பின்தொடர்தலுக்கு ஓர் எல்லை உண்டு. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியது. கடதாசி இன்மையால் அவ்வாண்டு மார்ச்சில் மேல் மாகாணப் பள்ளித் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. நாளிதழ்களும் பக்கங்களைக் குறைத்தன. அட்டைக்கான கடதாசியும் கப்பலில் வருவதுதானே? முன்னேர் நின்றால் பின்னேரும் நிற்கும். வைக்கோலிலிருந்து கடதாசி செய்த வாழைச்சேனை ஆலையை நாம் பேணாமல் விட்டதன் விலை அன்று தெரிந்தது.

எனவே நடுத்தரத் தொழிலாளருக்கு நான் சொல்வது இதுவே: பொறியிலும் வடிவத்திலும் பெரியவரைப் பின்தொடருங்கள், அதில் இழுக்கில்லை. மூலப்பொருளுக்கு மட்டும் ஒரே வாசலை நம்பாதீர்கள். குப்பைக்குப் போகும் பழைய பெட்டியும் கடதாசிதான். அதைத் திரட்டித் திரும்பவும் கூழாக்கும் ஆலைகளோடு இன்றே உறவு வைத்துக்கொள்ளுங்கள்.