லெவல்

லத்தீனில் 'லிப்ரா' என்றால் தராசு. அதன் குறுவடிவம் 'லிபெல்லா', மட்டம் பார்க்கும் கருவிக்கும் பெயர். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'லெவல்' ஆயிற்று. மேடுபள்ளம் இல்லாமையைக் குறித்த சொல், பிற்பாடு தளம், படி என்ற பொருள்களையும் பெற்றது.

விளையாட்டில் இதை நிலைநிறுத்தியது 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. பாத்திரத்தின் தேர்ச்சி, நிலவறையின் ஆழம், மந்திரத்தின் தரம் மூன்றுக்கும் அங்கே இதே சொல்தான். புதிதாக ஆட வருபவர் திணறாமல் என்ன செய்வார்!

2004-இல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' இணைய விளையாட்டில் அரக்கரை வீழ்த்தினாலும், ஏற்ற பணியை முடித்தாலும் அனுபவப் புள்ளி சேரும். திரையின் அடியிலுள்ள பட்டை நிரம்பியதும் பாத்திரத்தைச் சுற்றிப் பொன்னொளி எழும், லெவல் ஒன்று கூடும். ஆடாத நேரத்தில் பாத்திரத்தை விடுதியில் இளைப்பாற விட்டால், திரும்பி வந்து வீழ்த்தும் அரக்கருக்குச் சில காலம் இரட்டைப் புள்ளி. வேலைக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்த அருமையான ஏற்பாடு இது. தொடக்கத்தில் உச்ச லெவல் 60. அது 120 வரை வளர்ந்து, 2020-இல் மீண்டும் 60 ஆக்கப்பட்டது.

தமிழில் 'மட்டம்' நேர்ச்சொல்தான், ஆனால் தாழ்வு என்ற பொருளும் ஒட்டிக்கொள்கிறது. 'நிலை' என்பதே பொருந்தும்.