நாடாவிற் பதிந்த குரலும் படிபெயர்த்தலும்

புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில் சுரக்கோவைகள் ஏழு பகுதிகளாகக் கிரந்த எழுத்திற் பாறைமீது பொறிக்கப்பட்டுள்ளன. பொறிப்பித்தவன் மகேந்திரவர்மனோ பிறனோ என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்வழக்கினை ஈண்டு விடுப்போம். குறி நின்றது, ஒலி நின்றிலது என்பதே நாம் கொள்ளத்தக்கது.

ஒலியையே நிறுத்தும் வழி 1877-இல் எடிசன் கண்ட பொறியாற் பிறந்தது. ஆயினும் ஒலிப்பதிவு எளியோர் இல்லத்துட் புகுந்தது, 1963-இல் பிலிப்ஸ் நிறுவனத்தார் கேசட்டை வெளியிட்ட பின்னரே எனலாம். சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பொருள்வயிற் பிரிந்தோர்க்குக் குடும்பத்தார் கேசட்டிற் பேசி அனுப்பினர். எழுத்தறியா முதியோர்க்கு அதுவே திருமுகம் ஆயிற்று. தாலாட்டும் ஒப்பாரியும் உடன் பதிந்தன. வட்டார வழக்கினை ஆராய்வார்க்கு இவற்றை ஒத்த சான்று அரிது.

ஆயின் நாடாவும் ஏடுபோல் அழிவதே. காந்தத் துகளைப் பற்றிநிற்கும் பசை ஈரத்தால் நெகிழும், பூஞ்சை படரும். ஆதலிற் கணிப்பொறியிற் படிபெயர்த்தல் வேண்டும். பதிந்த கருவியின் தலையும் கேட்பிக்கும் கருவியின் தலையும் சாய்வில் ஒவ்வாவிடிற் சகர ஒலி மழுங்கும். ஆதலால் தலையின் திருகை முன்னரே செவ்வை செய்தல் நன்று. ஒரு மணி நேரப் பதிவினைப் பெயர்க்க ஒரு மணி நேரம் ஓடவிடுதலே முறை. விரைந்து முடிக்க விழைவார்க்கு இப்பணி ஏலாது! நொடிக்கு 48,000 மாதிரிக்குக் குறையாமல், மாதிரி ஒன்றுக்கு 24 பிட் அளவிற் கொள்க என்பர் ஒலிக்காப்பகத்தார். 96,000 மாதிரி கொள்ளின், இரு தடப் பதிவுக்கு மணிக்கு ஏறத்தாழ 2 ஜிகாபைட் இடம் வேண்டும்.

ஈண்டே பதிப்புச் சிக்கல் தோன்றுகின்றது. இரைச்சல் நீக்கும் மென்பொருள், தாம் அறிந்தவாறு ஏட்டைத் திருத்தி எழுதிய படியெடுப்போரை நிகர்க்கும். இரைச்சலொடு பேசுவார் மூச்சும், மெல்லின ஈற்றின் தேய்வும், கொல்லைப்புறத்துக் கோழிக் குரலும் ஒருங்கே போம். பின்வருவார் எதனைச் சான்றாகக் கொள்வர்? உ. வே. சாமிநாதையர் பாடவேறுபாடுகளைக் குறித்தமை நாம் அறிவோம். அந்நெறியே இங்கும் வேண்டும் என்று துணிகின்றோம். திருத்தா மூலப்படியைத் தனியே காத்து, திருத்திய படிக்கு வேறு பெயரிடல் வேண்டும். எம்.பி.3 போலும் சுருக்கப்படி கேட்டற்கு உதவும், மூலம் ஆகாது.

கேசட்டின் அட்டைமேல் எழுதிய பெயரும் ஊரும் ஆண்டும் ஏட்டின் இறுதிக் குறிப்பினை ஒப்பன. அவற்றையும் படம்பிடித்து உடன் வைத்தல் வேண்டும். பேசுவோர் யாவர், எவ்வூரார் எனச் சொல்லவல்ல முதியோர் நாளும் குறைகின்றனர். பெயர்த்த அன்றே படியினை அவர்க்குக் கேட்பித்து, அவர் கூறுவனவற்றையும் பதிந்துகொள்ளுதல் வேண்டும்.