பட்டாசு வேலையை பாரத்தில் மறைக்காதீங்க! மருத்துவ காப்பீடு எடுப்போர் கவனத்துக்கு...

சிவகாசி:
சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் வெடிச்சத்தம் கேட்டாலே வயிறு கலங்கும். 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் பலியானதை யாரும் மறக்கவில்லை. உயிர் பிழைத்தாலும் தீக்காயத்துக்கு வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும். 'அதான் பாலிசி இருக்கே' என்று நம்பிப் போய், பில்லைப் பார்த்து திகைத்து நிற்பவர்கள் உண்டு. எதுக்கு பணம் வரும், எதுக்கு வராது?

எது கிடைக்கும்?

பொதுவாக 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் தங்கி எடுக்கும் சிகிச்சைக்குத்தான் பணம். கண்புரை ஆபரேசன், டயாலிசிஸ் போன்றவற்றுக்கு ஒரு நாள் தங்க வேண்டியதில்லை. காய்ச்சலுக்கு ஊசி போட்ட செலவு பெரும்பாலான பாலிசிகளில் வராது.

எப்போது இருந்து?

புது பாலிசியில் முதல் 30 நாள் நோய்க்கு பணம் கிடையாது. ஆனால் விபத்துக்கு இந்த காத்திருப்பு இல்லை. சுகர், பிரஷர் போல ஏற்கனவே இருக்கும் நோய்க்கு அதிகபட்சம் 3 ஆண்டு காத்திருக்க வேண்டும். 2024 ஏப்ரலுக்கு முன்பு இது 4 ஆண்டாக இருந்தது.

ரூம் வாடகை உஷார்!

3 லட்ச ரூபாய் பாலிசியில் ரூம் வாடகை 1 சதவீதம் என்று இருந்தால், நாளுக்கு 3 ஆயிரம்தான். 6 ஆயிரம் ரூபாய் ரூமில் படுத்தால் வாடகை மட்டுமல்ல, டாக்டர் பீஸ், ஆபரேசன் செலவிலும் பாதி நம் தலையில் விழலாம். மருந்து செலவில் இந்த வெட்டு கூடாது.

கையில் பணம் கட்டாமல் 'கேஷ்லெஸ்' முறையில் சிகிச்சை பெற, கம்பெனி பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியா என்று முதலிலேயே கேட்க வேண்டும்.

மறைத்தால் சிக்கல்

பிரீமியம் கூடிவிடும் என்று பயந்து, பாரத்தில் 'கூலி வேலை' என்று மட்டும் எழுதுவது ஆபத்து. மருந்து கலக்குற வேலை என்றால் அப்படியே எழுதுங்கள். வேலையையோ நோயையோ மறைத்தால், கிளைமை மறுக்க கம்பெனிக்கு நாமே வழி விட்டது போலாகும். ஏஜெண்ட் நிரப்பினாலும் படித்துப் பார்த்துவிட்டு கையெழுத்து போடுங்கள்.

முதலில் இ.எஸ்.ஐ.

மாத சம்பளம் 21 ஆயிரம் ரூபாய் வரை உள்ளவர்கள், ஆலையில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். 100 ரூபாய் கூலிக்கு தொழிலாளி பங்கு 75 காசு, முதலாளி பங்கு 3 ரூபாய் 25 காசு. குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. வேலையில் காயம்பட்டு வீட்டில் இருக்கும் நாளுக்கு கூலியில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். சாதாரண மருத்துவ பாலிசி சிகிச்சை செலவோடு சரி, போன கூலியைத் தராது.

ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருந்தால், முதல்-அமைச்சர் காப்பீட்டு திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம்.

கிளைமை மறுத்தால்?

காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கம்பெனிக்கு புகார் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை அல்லது பதிலில் திருப்தி இல்லை என்றால், சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். இதற்கு கட்டணம் கிடையாது.

பாலிசி, இ.எஸ்.ஐ. கார்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டு வேலைக்குப் போங்கள்.