ராப் இருட்டில் வைத்த குடுவை

என் ஆய்வில் மருந்தின் விளைவு என்று எழுதிவைத்திருந்த மைட்டோகாண்ட்ரியச் சிதைவு, மருந்தே இடாத செல்களிலும் தென்பட்டது. சாயம் ஏற்றி இரவு முழுதும் லேசர் ஒளியில் படமெடுத்திருந்தேன். அதே தட்டில் ஒளி படாத மூலையிலிருந்த செல்கள் நலமாகவே இருந்தன. குற்றம் சாயத்தினுடையதா, ஒளியினுடையதா? இவ்வினா ஒளிர்வு நுண்ணோக்கியைக் காட்டிலும் மூத்தது.

மியூனிக் நகரில் ஹெர்மன் ஃபான் டாப்பைனரிடம் பயின்ற ஆஸ்கர் ராப், அக்ரிடின் சாயம் பாரமீசியத்தைக் கொல்ல எவ்வளவு நேரமாகிறது என அளந்துகொண்டிருந்தார். அளவுகள் ஒத்துவரவில்லை. ஒரே செறிவுள்ள கரைசல் ஒரு நாள் விரைவில் கொன்றது. மற்றொரு நாள் பல மணி நேரம் விட்டுவைத்தது. வேறொருவர் சராசரி கண்டு முடித்திருப்பார் (நம்மில் பலர் இன்றும் அதைத்தான் செய்கிறோம்). மாறியது அறையின் வெளிச்சமே என்று ராப் கண்டார். இருளில் வைத்தவை நெடுநேரம் பிழைத்திருந்தன. சாயமும் ஒளியும் சேர்ந்தபோதே அவை விரைந்து மாண்டன. 1900இல் வெளியான அவருடைய கட்டுரையின் தலைப்பிலேயே 'ஒளிரும் பொருள்கள்' என்ற தொடர் உண்டு. 1904இல் டாப்பைனரும் யோட்ல்பவரும் இவ்விளைவுக்கு ஆக்சிஜன் தேவை எனக் காட்டினர். 1912இல் மேயர்-பெட்ஸ் என்னும் மருத்துவர் 200 மில்லிகிராம் ஹெமட்டோபார்ஃபிரினைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டு வெயிலில் நின்றார். வெயில் பட்ட இடமெல்லாம் வீங்கியது.

நம் பக்கத்துச் சான்று இன்னும் பழையது. சித்தூர்ப் பகுதி நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டால் கார்போகரிசி கிடைக்கும். வெண்புள்ளிக்கு அதை அரைத்துப் பூசி வெயில் காயச் சொல்வது மரபு. வெயிலும் மருந்தின் ஒரு பகுதி என்பதை அம்மரபு அறிந்திருந்தது. அவ்விதையிலிருந்து சோராலெனைப் பிரித்தெடுத்து 1933இல் இந்திய வேதியியல் கழக இதழில் எழுதியவர்கள் ஜோயிஸ், மஞ்சுநாத், வெங்கடராவ் ஆகியோர். ஒரு வேறுபாடு மட்டும் நினைவிற்கொள்ளத் தக்கது: புறஊதா ஒளி பட்ட சோராலென் டி.என்.ஏ. இழைகளை நேரடியாகப் பிணைக்கும். அதற்கு ஆக்சிஜன் வேண்டுவதில்லை. நம் ஒளிர்சாயங்கள் பெரும்பாலும் ஆக்சிஜன் வழியே கொல்கின்றன. கிளர்வுற்ற சாயமூலக்கூறு மும்மை நிலைக்கு இறங்கி, தன் ஆற்றலை ஆக்சிஜனுக்கு ஈகிறது. அவ்வாறு பிறக்கும் ஒற்றைநிலை ஆக்சிஜன் அருகிலுள்ள சவ்வையும் புரதத்தையும் தாக்குகிறது.

2006இல் இத்தீங்கையே கருவியாக்கி, ஒளிபட்டால் செல்லைக் கொல்லும் 'கில்லர்ரெட்' புரதத்தை உருவாக்கினர். நாமோ செய்முறைப் பகுதியில் 'லேசர் 5%' என்று எழுதி நகர்கிறோம். எதன் ஐந்து விழுக்காடு, செல்லின்மேல் எத்தனை ஜூல் என்று எழுதுவோர் சிலரே. நானும் எழுதவில்லை. இப்போது சாயமின்றி ஒளி, ஒளியின்றிச் சாயம் என்னும் இரு தட்டுகளையும் சேர்த்து, முதலிலிருந்து மீண்டும் படமெடுத்துக்கொண்டிருக்கிறேன்.