பள்ளி, தொழுகை, நிய்யத்து

கவுண்டருக்கு வெளியே நின்ற முதியவரிடம், ரம்ஜானுக்குப் பாங்க் லீவு, அடுத்த நாள் வாருங்கள் பாய் என்று சொன்னேன். அவர் பென்ஷன் புத்தகத்தை வாங்கிக் கொண்டே, "ரமலான்ங்கிறது மாசம் தம்பி. அது ஒரு மாசமா நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. லீவு நோன்புப் பெருநாளுக்கு" என்றார். கோபமில்லை, கணக்கில் ஒரு பைசா விடுபட்டதைக் காட்டுகிற தொனிதான். காலண்டரில் அச்சிட்டிருந்த சொல் ரம்ஜான். அவர் வாயில் வந்தது ரமலான். இரண்டும் ஒரே அரபுச் சொல். இரண்டுக்கும் இடையில் உள்ள ஓர் எழுத்தின் வித்தியாசத்தில் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

தமிழ் முஸ்லிம்களின் சமயச் சொற்கள் எல்லாம் அரபு என்று நாம் பொதுவாக நினைத்துக் கொண்டிருக்கிறோம். நம் வட்டத்து நண்பர் ஒருவர், தமக்கு வந்த ஒரு கதையில் மௌத்து, கபர், மய்யித்து என்ற சொற்களுக்கெல்லாம் அடிக்குறிப்பு கேட்டு ஆசிரியருக்கே திருப்பி அனுப்பினார். அதே நண்பர் சிரார்த்தம், திவசம், ஸ்நானம் எல்லாம் வருகிற கதைகளை அடிக்குறிப்பு இல்லாமல் பல முறை பிரசுரித்திருக்கிறார். அவர் மீது வழக்குப் போட இதைச் சொல்லவில்லை. எந்தச் சொல் நம்முடையது, எந்தச் சொல் அயல் என்று நாம் போடுகிற கோடு எங்கே விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் தமிழாக இருப்பவற்றை எடுத்துக் கொள்ளலாம். ஸலாத் என்பது தொழுகை. ஸவ்ம் என்பது நோன்பு. மஸ்ஜித் என்பது பள்ளி, பள்ளிவாசல். குர்ஆனை ஓதுகிறார்கள்; ஓதுவார் என்ற சொல்லைச் சைவக் கோயில்களில் கேட்ட அதே காதுதான் இதையும் கேட்கிறது. ஈத் என்பது பெருநாள். நோன்பு பிடிக்கிறார்கள், நோன்பு திறக்கிறார்கள். (பேச்சில் 'தொறக்குறது' என்று வருவதால் அது திறத்தலா துறத்தலா என்று ஒரு சில்லறைச் சர்ச்சை உண்டு. எழுத்தில் இரண்டும் நடமாடுகின்றன.)

இவற்றில் 'பள்ளி'யின் வயது நம்மைத் திகைக்க வைப்பது. மதுரைக்கு அருகே மாங்குளத்துக் குன்றில், சமணத் துறவிக்கு நெடுஞ்செழியன் காலத்தில் குகையில் செய்து கொடுத்த இருப்பிடத்தைச் சொல்லும் தமிழ்-பிராமிக் கல்வெட்டில் இந்தச் சொல் இருக்கிறது. ஐராவதம் மகாதேவன் அதைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு என்று கணித்தார். படுக்கை, படுக்கும் இடம், துறவிகள் தங்கும் இடம், அவர்கள் கற்பிக்கும் இடம் என்று சொல் நகர்ந்தது. சமண, பௌத்த நிறுவனங்களுக்கு விடப்பட்ட இறையிலி நிலம் பள்ளிச்சந்தம் ஆயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தில், ராமநாதபுரத்துத் திருப்புல்லாணிக் கல்வெட்டில் சோனகர்களின் பள்ளிக்கு நிலம் கொடுக்கப்படுகிறது. சோனகர் என்றால் அராபிய வழி வந்த முஸ்லிம்கள். ஊர்க் கணக்கன் அவர்களுக்காகப் புதிய சொல் தேடவில்லை. கோயில் அல்லாத, விக்கிரகம் இல்லாத, மற்றொரு சமயத்தாரின் இடம் என்பதற்கு அவனிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது. சமணர் காலி செய்து கொண்டிருந்த சொல்லில் முஸ்லிம்கள் குடியேறினார்கள் என்று சொல்லலாம். சமணர் குகைகள் இன்று பார்வையிடும் இடங்கள். சொல் மட்டும் ஐந்து வேளையும் புழங்குகிறது.

'தொழுகை' வேறு விதம். தொழு என்ற வினை தேவாரத்திலும் பிரபந்தத்திலும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்க்க முடியாது. ஆனால் மதுரைத் தெருவில் இன்று ஒரு சைவரோ வைணவரோ 'தொழுதுவிட்டு வருகிறேன்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. சாமி கும்பிடுகிறோம். கிறிஸ்தவர் வேதாகமத்தில் தொழுதுகொள்கிறார்கள். வீட்டில் ஜெபம் பண்ணுகிறார்கள். பேச்சுத் தமிழில் இந்தப் பழைய வினையைத் தினசரி பிரயோகத்தில் வைத்திருப்பவர்கள் முஸ்லிம்கள் மட்டும்தான். அதிலும் ஒரு இலக்கண நுட்பம் இருக்கிறது. நாம் சிவனைத் தொழுவோம், திருமாலைத் தொழுவோம். வினைக்கு ஒரு செயப்படுபொருள் வேண்டும். அவர்கள் 'அசர் தொழுதுட்டு வாறேன்' என்கிறார்கள். அசர் என்பது பிற்பகல் தொழுகையின் வேளை. அல்லாவைத் தொழுதேன் என்று யாரும் தனியாகச் சொல்வதில்லை. வேறு யாரையும் தொழ முடியாது என்பதால் அந்த இடம் காலியாகவே விடப்பட்டிருக்கிறது. காலியான இடத்தில் நேரம் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு சமயத்தின் தத்துவம் ஒரு வினைச்சொல்லின் நடத்தையை மாற்றியதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

இது பிற்கால ஏற்பாடும் அல்ல. களவியற்காரிகை உரையில் மேற்கோளாக வந்ததால் மட்டும் தப்பிப் பிழைத்த பல்சந்தமாலையின் எட்டுப் பாடல்களில் ஒன்றிலேயே அல்லாவும் தொழுதலும் சேர்ந்து வந்துவிடுகின்றன. அரபுப் பெயரும் தமிழ் வினையும் என்ற இந்த உடன்படிக்கை கிடைத்திருக்கும் ஆதியான சான்றிலேயே கையெழுத்தாகி இருக்கிறது.

அப்படியானால் எவை அரபாக நின்றன? கலிமா, ஈமான், ஜகாத்து, ஹஜ்ஜு, பர்ளு, சுன்னத்து, ஹலால், ஹராம், நிய்யத்து. அண்டை வீட்டுக்காரன் கண்ணுக்குத் தெரிகிற காரியங்கள் பெரும்பாலும் தமிழில் இருக்கின்றன: வணங்குவது, பட்டினி இருப்பது, கூடுகிற இடம், கொண்டாடுகிற நாள். சட்டமும் மனசும் சம்பந்தப்பட்டவை அரபில் இருக்கின்றன. ஹஜ்ஜு இரண்டிலும் சேராமல் நிற்கிறது. அது ஒரு குறிப்பிட்ட ஊருக்கு மட்டும் போகிற பயணம், யாத்திரை என்றால் காசியும் வேளாங்கண்ணியும் உள்ளே வந்துவிடும்.

ஜகாத்தைத் தர்மம் என்று சொன்னால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். குமாஸ்தாவாகப் பதில் சொல்கிறேன்: கணக்குக் கெட்டுவிடும். தர்மம் கொடுப்பவன் இஷ்டம். ஜகாத்து, குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒரு வருஷம் கையில் தங்கிய பொன், வெள்ளி, ரொக்கத்தில் நாற்பதில் ஒரு பங்கு. கொடுக்காவிட்டால் கடன் பாக்கி. இஷ்டப்படி கொடுப்பதற்கு ஸதக்கா என்று வேறு சொல் இருக்கிறது. நிய்யத்து இன்னும் சிக்கலானது. எண்ணம், நோக்கம், சங்கல்பம் எல்லாம் பக்கத்தில் வருகின்றன. ஆனால் நிய்யத்து இல்லாமல் நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் அது வெறும் பட்டினி, நோன்பு ஆகாது. செயலைச் செயலாக்குகிற அந்த உள் அசைவுக்குத் தமிழில் ஒற்றைச் சொல் இருந்திருந்தால், அது இன்று தமிழ் விமர்சகர்களான நமக்கே பயன்பட்டிருக்கும்.

மூன்றாவது ஒரு சிறு கூட்டம் பாரசீகம்: தர்கா, கந்தூரி, பாங்கு. (தொழுகைக்கு அழைக்கும் பாங்கும் நான் வேலை பார்க்கும் பாங்கும் பழைய எழுத்தில் ஒன்றாகவே இருந்தன, அந்தச் சிலேடையைச் சொல்லாத வாடிக்கையாளர் குறைவு.) இந்தக் கூட்டம் சிறியதாக இருப்பதுதான் கவனிக்க வேண்டியது. நமாஸ், ரோஸா இரண்டும் தமிழ் முஸ்லிமின் வீட்டுக்குள் வரவில்லை; உருது பேசும் குடும்பங்களோடு நின்றுவிட்டன. மதுரையில் 1330களிலிருந்து 1378 வரை சுல்தான்கள் ஆண்டார்கள். இபின் பதூதா அந்த அரண்மனைக்கு வந்து போயிருக்கிறார். அந்த ஆட்சி தமிழ் முஸ்லிம்களின் தினசரிச் சமயப் பேச்சில் எதையும் பெரிதாக விட்டுப் போகவில்லை. ஆட்சியின் வழி வந்தவை வேறு: வசூல், பாக்கி, அசல், ஜாமீன், கஜானா. இவையும் அரபுதான், பாரசீகம் வழியாக ரெவின்யூ கச்சேரிகள் மூலம் வந்தவை. என் மேஜையில் நாள் முழுக்கக் கிடக்கும் இந்தச் சொற்களுக்கு யாரும் அடிக்குறிப்பு கேட்பதில்லை. தரைவழி வந்த அரபு எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. கடல்வழி வந்த அரபுக்குத்தான் அடைப்புக்குறி.

கடல்வழியின் அடையாளம் அந்த 'ல'கரம். அரபியில் ளாத் என்றொரு எழுத்து உண்டு. தங்கள் மொழியையே 'ளாத்தின் மொழி' என்று அராபியர் பெருமையாகச் சொல்வார்கள், நாம் ழகரத்தைச் சொல்வது போல. எட்டாம் நூற்றாண்டு இலக்கணக்காரர் சீபவைஹி விவரிக்கும் ளாத், நாவின் பக்கவாட்டில் பிறக்கும் ஒலி. பிற்காலத்தில் அரபு நாடுகளிலேயே அது 'ட'வை நோக்கிப் போய்விட்டது. பாரசீகர் அதை 'ஸ' போல உச்சரித்தார்கள்; அதனால் வடக்கே ரம்ஜான், காஜி. தமிழ், மலையாளக் கரையில் மட்டும் பக்கவாட்டு ஒலி நின்றது: ரமலான், ஒளு, பர்ளு, பள்ளிவாசல் தடாகத்துக்கு ஹவுள், காயல்பட்டினத்தில் காழி. இதற்கு மறுகோடியில் ஸ்பெயினிலும் சான்று உண்டு. நகரத் தலைவருக்கு அவர்கள் சொல்லும் அல்கால்தே, அல்-காளி என்ற அரபுச் சொல்தான், லகரம் அப்படியே இருக்கிறது. பென்ஷன் முதியவர் திருத்தியது, அராபியரே பெரும்பாலும் கைவிட்ட ஓர் உச்சரிப்பின் எச்சத்தை வைத்து. மதுரையிலோ இரண்டு வழியும் சந்திக்கின்றன. ரமலான் என்று சொல்கிறவர் குடியிருக்கும் தெரு காஜிமார் தெரு. அரபு நீதிபதிக்குப் பாரசீக உச்சரிப்பு, அதற்குத் தமிழ் 'மார்'.

இந்தச் சொற்கள் முதன்முதலில் ஒரு முழுத் தமிழ் நூலில் கூடியதும் மதுரையில்தான். முழுமையாகக் கிடைத்திருக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களில் பழையதான ஆயிர மசலா, 1572இல் இங்கே அரங்கேறியது. எழுதியவர் வண்ணப் பரிமளப் புலவர். மதீனாவின் யூத அறிஞர் அப்துல்லா இப்னு ஸலாம் நபியிடம் கேட்கும் கேள்விகளும் பதில்களும் விஷயம். மசலா என்றால் கேள்வி; சமையல் மசாலாவின் மூலம் வேறு. அதற்கு அதிசய புராணம் என்று இன்னொரு பெயரும் உண்டு. அரபுக் கேள்வி புராணமாகிறது. அடுத்த ஆண்டு, 1573இல், வீரப்ப நாயக்கர் கோரிப்பாளையத்துப் பள்ளிவாசலின் பழைய நிலக்கொடையை உறுதிசெய்து கல்லில் வெட்டுகிறார். இரண்டு செய்திக்கும் நேர்த் தொடர்பு இருந்ததாக நான் சொல்லவில்லை. அந்த வருஷங்களின் மதுரையில் இந்தச் சொற்கள் காதில் விழாத சொற்களாக இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

பிறகு உமறுப்புலவர். சீறா என்ற அரபுச் சொல்லுக்கு வல்லின றகரம் போட்டுப் புராணத்தோடு சேர்த்தார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்று மூன்று காண்டங்கள்: பிறப்பு, நபித்துவம், இடப்பெயர்ச்சி. மூன்றுக்கும் தமிழ் சொல்ல அவருக்கு வராதா? கம்பனைக் கரைத்துக் குடித்தவர். தலைப்புகளில் மட்டும் அரபைத் தூக்கி வைத்துவிட்டு, உள்ளே மக்காவுக்கு மருதநிலமும் மழையும் கொடுத்தார். அந்தத் தேர்வை நம் விமர்சகர்கள் இன்னும் சரியாகப் படிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். மதநல்லிணக்கம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்து விடுகிறார்கள்.

இதில் தமிழ் தனி அல்ல. பாரசீகரின் நமாஸ், நம்முடைய நமஸ்காரத்தின் ஒன்றுவிட்ட சகோதரன். அவர்களும் தங்கள் பழைய சொல்லில்தான் தொழுதார்கள். மலாய் மொழியில் நோன்புக்குப் புவாசா, உபவாசம்தான். தொழுகைக்கு அவர்கள் சொன்ன சம்பஹ்யாங் அண்மைக் காலத்தில் ஸோலாத் என்ற அரபுக்கு இடம் விட்டு வருகிறது.

அந்தக் காற்று இங்கேயும் அடிக்கிறது. புதிதாகக் கட்டுகிற இடங்களின் பலகையில் பள்ளிவாசல் குறைந்து மஸ்ஜித் வருகிறது. சில பிரசுரங்களில் தொழுகைக்குப் பதில் ஸலாத். துல்லியம் வேண்டும் என்கிறார்கள். ஜகாத்துக்கு அந்த வாதம் சரி. 'பள்ளி'யில் எந்தத் துல்லியம் குறைந்தது என்று எனக்கு விளங்கவில்லை. இதே மாற்றத்தை எதிர்த்திசையில் கேட்பவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள்: தனித்தமிழ் நண்பர்கள் நிய்யத்துக்கும் ஒரு சொல் செய்து தரத் தயார். சொல் செய்யலாம், அதை வைத்து ஒருவர் நோன்பு பிடிக்க வேண்டுமே. 1949இல் முழுமையாக வெளிவந்த ஆ. கா. அப்துல் ஹமீது பாகவியின் குர்ஆன் மொழிபெயர்ப்புக்குத் தர்ஜமா என்று அரபிலேயே பெயர். மொழிபெயர்ப்பு என்ற சொல்லை மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டு, உள்ளே தொழுகையையும் நோன்பையும் தமிழாகவே வைத்தார்.

நண்பர் திருப்பி அனுப்பிய கதை வேறொரு பத்திரிகையில் வந்தது. மௌத்து, கபர், மய்யித்து மூன்றுக்கும் பக்கத்தின் அடியில் பொருள் போட்டிருந்தார்கள். அதே கதையில், இறந்து போன அத்தாவுக்காக மகன் பள்ளியில் தொழ நிற்கிறான். பள்ளிக்கும் தொழவும் குறிப்பு இல்லை. தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றவில்லை.