வழிதவறிய விலங்கும் அரசுரிமையும்: இடைக்கால இங்கிலாந்துச் சட்டத்தில் ஒரு கூறு

உடையவன் இல்லாப் பொருள் கண்டெடுத்தவனுக்கே உரியது என்பது உரோமச் சட்ட மரபு. 13ஆம் நூற்றாண்டில் பிராக்டன் பெயரால் வழங்கிய இங்கிலாந்துச் சட்டநூல் இம்மரபை அறிந்திருந்தும் வேறு முடிவு கொண்டது. புதையல், கரையொதுங்கிய கப்பற்பொருள், வழிதவறிய விலங்கு முதலியன அரசனைச் சேரும் என்பதே அம்முடிவு. அரசனோ இவ்வுரிமையைப் பிரபுக்களுக்கும் துறவி மடங்களுக்கும் பகிர்ந்தளித்தான். ஆகவே, பெரும்பாலும் வழிதவறிய பசு அது புகுந்த 'மேனர்' என்னும் பண்ணையாட்சிப் பகுதியின் தலைவனுக்கு வருவாயாயிற்று.

ஓர் எருதே உழவனின் பெருஞ்செல்வமாக இருந்த காலம் அது. வேலி தாண்டிய எருது அயல் மேனரில் பிடிபட்டால் அவன் நிலை என்ன? சட்டம் அவனுக்கு இரண்டு காப்புகளை அளித்தது. ஒன்று பறைசாற்றல், மற்றொன்று காலவரையறை. பிடிபட்ட விலங்கைப் பற்றித் தேவாலயத்திலும் அண்மையிலுள்ள இரண்டு சந்தையூர்களிலும் அறிவித்தல் வேண்டும். அதன்பின் ஓராண்டும் ஒரு நாளும் கழிந்த பின்னரே அது பிரபுவுக்கு உடைமையாகும். அறிவிப்பு இல்லையேல் எத்தனை ஆண்டு கட்டிவைத்திருந்தாலும் உரிமை பிறவாது. இடையில் உரியவன் வந்தால் தீவனச் செலவைச் செலுத்தி மீட்கலாம். அதுவரை அவ்விலங்கைப் பிரபு ஏரில் பூட்டலாகாது. பசுவாயின் பால் கறக்கலாம், கறவாதிருத்தல் பசுவுக்கே கேடாதலின் என்று பிற்காலச் சட்ட நூலோர் விளக்குவர்.

'வெய்ஃப்' எனப்பட்ட பொருளின் நிலை இதினும் கடுமையானது. துரத்தப்பட்ட திருடன் ஓடும்போது எறிந்துவிட்டுச் சென்ற களவுப் பொருளே வெய்ஃப். அது பறிகொடுத்தவனிடம் மீளாமல் அரசனைச் சேர்ந்தது. திருடனை உடனே பின்தொடர்ந்து பிடிக்க முயலாத குற்றத்துக்குத் தண்டனை என இதற்குக் காரணம் கூறப்பட்டது. காவற்படை இல்லாத நாட்டில் களவு கொடுத்தவனையே காவலனாக்கிய ஏற்பாடு இது. அயல்நாட்டு வணிகர்க்கு மட்டும் விலக்கு உண்டு. மொழியும் வழியும் அறியாதவர் எங்ஙனம் துரத்துவர்?

கடற்கரையில் நிலைமை சற்று இளகியது. 1275ஆம் ஆண்டின் முதலாம் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம், உடைந்த கப்பலிலிருந்து மனிதனோ நாயோ பூனையோ உயிருடன் தப்பினால் அதன் சரக்கு உரியவரற்றதாகாது என்றது. அச்சரக்கும் உரியவனுக்காக ஓராண்டும் ஒரு நாளும் காக்கப்பட வேண்டும். பூனைக்கு இத்தகு சட்டத் தகுதி கிட்டியது வியப்பே. எனினும் உயிர்கள் எடுத்துக்காட்டுக்காகவே கூறப்பட்டன என்றும், உரிமையை மெய்ப்பிக்கக் கூடியவனுக்கே பொருள் உரியது என்றும் 1771இல் நீதிபதி மேன்ஸ்ஃபீல்டு தெளிவாக்கினார்.

இவ்வுரிமைகளை எவ்வதிகாரத்தால் கொண்டீர் என்று பிரபுக்களை வினவியவன் முதலாம் எட்வர்டு. 1278ஆம் ஆண்டின் குளஸ்டர் சட்டத்தைத் தொடர்ந்து, சுற்றிவந்த நீதிபதிகள் முன் அவர்கள் சான்று காட்ட வேண்டியதாயிற்று. பட்டயம் உடையோர் அதனைக் காட்டினர். இல்லாதோர் நெடுங்கால வழக்கைச் சுட்டினர். அரசு வழக்குரைஞர் வழக்கை எளிதில் ஏற்றிலர். அதிருப்தி முற்றவே, 1189ஆம் ஆண்டுக்கு முன்பிருந்து இடையறாது துய்த்துவந்த உரிமை செல்லும் என 1290இல் சட்டம் வகுக்கப்பட்டது. அரசனுக்கு மாட்டின் விலை பெரிதன்று. பிரபுவின் அதிகாரம் தன்னிடமிருந்தே பெறப்பட்டது என்பதை ஏற்கச் செய்தலே அவன் நோக்கம் எனலாம்.

இச்சட்டச் சொற்களின் பிற்கால வரலாறும் கருதத்தக்கது. அலையும் மாடுகளை அடைத்த பட்டியின் ஆங்கிலப் பெயர், 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்தின்வழி இந்திய ஆட்சிமுறையிலும் புகுந்தது. தமிழ் நாட்டுப்புறத்தில் அது 'பவுண்டு' ஆயிற்று. வெய்ஃப், ஸ்ட்ரே என்னும் இரு சொற்களோ இங்கிலாந்தில் பொருளையும் விலங்கையும் விட்டு மனிதரைச் சார்ந்தன. 1881இல் எட்வர்டு ருடால்ஃப் என்பார் வீடற்ற சிறார்க்காக ஓர் அமைப்பைத் தொடங்கியபோது, அச்சிறாரைக் குறிக்க அவ்விரு சொற்களையே அதன் பெயரில் வைத்தார்.